பழைய பிக்கப்புக்குப் பவர் பிரேக்: அல்சூர் பட்டறையிலிருந்து பதில்கள்

பழைய பிக்கப் வண்டி வைத்திருக்கும் பெங்களூர்த் தமிழர்கள் சிலர் பவர் பிரேக் (மிதிக்கும் பலத்தை பூஸ்டர் என்ற கருவி கூட்டித் தரும் பிரேக்) பற்றிக் கேட்டு அனுப்பிய கேள்விகள் என் மேசையில் சேர்ந்துவிட்டன. அல்சூரில் முப்பது ஆண்டுகளாகப் பிரேக் வேலைதான் பார்க்கிறேன். பிரேக் விஷயத்தில் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு கை வைப்பது ஆளையே கொன்றுவிடும். அதனால் எந்தக் கேள்வியையும் தள்ளிவைக்க மனம் வரவில்லை.

கேள்வி (ஃபிரேசர் டவுன்): அண்ணா, என்னிடம் 1954 செவ்ரலே 3100 இருக்கிறது. பெடல் மேல் ஏறி நின்றால்தான் வண்டி நிற்கிறது. எந்த பூஸ்டர் வாங்கலாம்?

தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம்.

பூஸ்டர் உங்கள் காலுக்குத்தான் பலம் கொடுக்கும், பிரேக்குக்குக் கொடுக்காது. நீங்கள் மிதிக்கும் அழுத்தத்தோடு தன் அழுத்தத்தையும் சேர்த்து, ஆயிலைச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்குள் தள்ளும். அதோடு அதன் வேலை முடிந்தது. அங்கிருந்து சக்கரம் வரை உள்ள பாகங்கள் கெட்டிருந்தால், அந்தக் கூடுதல் அழுத்தம் முழுவதும் கெட்ட பாகங்கள் மேல்தான் இறங்கும். துருப்பிடித்த பைப் ஒன்று இத்தனை நாள் வெடிக்காமல் இருந்ததற்கு உங்கள் காலுக்கு அவ்வளவு பலம் இல்லாததே காரணமாக இருக்கலாம்.

செவ்ரலே அரை டன் பிக்கப்புகளில் 1950 வரை ஹக் வகை பிரேக் இருந்தது, 1951 முதல் பெண்டிக்ஸ் வகை வந்தது. சக்கரத்தோடு சுழலும் டிரம்மை உள்ளிருந்து உரசி நிறுத்துபவை ஷூக்கள், அவற்றின் மேல் உள்ள உராய்வுப் பட்டைதான் லைனிங். பெண்டிக்ஸில் முன் ஷூ டிரம்மோடு சேர்ந்து இழுபட்டுப் பின் ஷூவைத் தள்ளும். அதாவது சக்கரத்தின் சுழற்சியே பிரேக் பிடிக்க உதவும். அப்படிப்பட்ட வண்டியில் பெடல் மேல் ஏறி நிற்க வேண்டியிருந்தால் கோளாறு சக்கரத்தில்தான் இருக்க வேண்டும். நான்கு டிரம்மையும் கழற்றுங்கள். லைனிங் நீளம் குறைந்த ஷூ வண்டியின் முன்பக்கம் பார்த்தும், நீளமான ஷூ பின்பக்கம் பார்த்தும் இருக்க வேண்டும். இரண்டையும் இடம் மாற்றி மாட்டிய வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்து, லைனிங் முழுக்க சாக்பீஸ் தேய்த்து, ஷூவை டிரம்முக்குள் வைத்து அசைத்துப் பாருங்கள். பலமுறை லேத்தில் கடைந்த டிரம் என்றால் உள்வட்டம் பெரிதாகியிருக்கும், ஷூவின் நடுப்பகுதியில் மட்டும்தான் சாக்பீஸ் அழியும். கைரேகை அளவு பரப்பு மட்டும் உரசும் பிரேக் எப்படிப் பிடிக்கும்? லைனிங் கடையில் ஷூவை டிரம் வளைவுக்கு ஏற்றபடி தேய்த்துத் தரச் சொல்லுங்கள்.

பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். இன்றும் பையன்களை விட்டு ஊதச் சொல்லும் பட்டறைகள் இருக்கின்றன. அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

இவ்வளவும் செய்த பிறகும் பெடல் கனமாக இருந்தால் வாருங்கள், பூஸ்டரைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி (ஜாலஹள்ளி): 1956 ஃபோர்டு எஃப்-100. மாஸ்டர் சிலிண்டர் கேபின் தரைக்கு அடியில் இருக்கிறது. பூஸ்டரை அங்கேயே வைப்பதா, எஞ்சின் பக்கத் தகட்டில் துளையிட்டு மேலே ஏற்றுவதா?

அடியிலேயே வையுங்கள். மேலே ஏற்றினால் தொங்கும் பெடல் வேண்டும், தகட்டுக்குப் பின்னால் முட்டுக் கொடுக்க வேண்டும். அந்த முட்டு இல்லாமல், மிதிக்கும்போதெல்லாம் தகடு பப்படம் போல வளைந்து விரிசல் விட்ட வண்டி ஒன்றைச் சரிசெய்து கொடுத்தேன். சேசிஸ் சட்டத்தில் கனமான பிராக்கெட் பொருத்தி, 7 அங்குல இரட்டை டயாபிரம் (உள்ளே தள்ளும் சவ்வு இரண்டு உள்ள) பூஸ்டர் போட்டால் இடமும் போதும், பலமும் போதும். சைலன்சர் பைப்பிலிருந்து தள்ளி வையுங்கள். நம் ஊர் வேகத்தடைகளில் அடிபடாத உயரம் இருக்கிறதா என்று ஆட்களை ஏற்றிவிட்டு அளந்து பாருங்கள்.

அடியில் வைத்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் தாழ்வாக இருப்பதால் சக்கரத்திலிருந்து ஆயில் திரும்பி வடிந்துவிடும். அதைத் தடுக்கச் சிறு அழுத்தத்தைப் பைப்பிலேயே நிறுத்திவைக்கும் வால்வு வேண்டும். டிஸ்க் பிரேக் மாட்டிய பக்கத்துக்கு 2 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு), டிரம் பக்கத்துக்கு 10 பி.எஸ்.ஐ. டிரம்முக்கான பல மாஸ்டர் சிலிண்டர்களில் இந்த வால்வு உள்ளேயே இருக்கும். அதைப் பார்க்காமல் வெளியிலும் ஒன்று போட்டுவிடாதீர்கள்.

கேள்வி (கே.ஆர்.புரம்): எங்கள் பிக்கப்பில் பழைய பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் வைத்திருக்கிறோம். பூஸ்டர் ஓஸை மேனிஃபோல்டில் மாட்டினோம். ஒரு பயனும் இல்லை.

இருக்காது. பூஸ்டர் வேலை செய்ய வெற்றிடம் (வேக்குவம்) வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் திராட்டில் தகடு காற்றை அடைப்பதால்தான், எஞ்சினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டில் வெற்றிடம் உண்டாகிறது. சாதாரண டீசல் எஞ்சினில் அந்தத் தகடே இல்லை. ஆல்டர்னேட்டரின் பின்புறம் வேக்குவம் பம்ப் உள்ள டீசல் வண்டிகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். அப்படி ஓர் ஆல்டர்னேட்டரைப் பொருத்துங்கள். அந்தப் பம்புக்கு எஞ்சினிலிருந்து ஆயில் வந்து திரும்பிப் போக வேண்டும், அந்த இரண்டு ஓஸையும் மறந்தால் பம்ப் சீக்கிரமே தேய்ந்துவிடும். உதிரிபாகக் கடைகள் உள்ள ஜே.சி. ரோட்டில் புதிதாகவே வாங்குங்கள். குஜரிக் கடையில் (பழைய சாமான் கடை) கதவு, கண்ணாடி வாங்கலாம். பிரேக் சாமானை அங்கே வாங்கக் கூடாது.

கேள்வி (இந்திரா நகர்): சென்னையில் இருந்தபோது பிரேக் பூப்போல இருந்தது. வண்டியைப் பெங்களூருக்குக் கொண்டுவந்த பிறகு பெடல் கனமாகிவிட்டது. எல்லாம் மனப்பிரமை என்கிறார் மெக்கானிக்.

பிரமை இல்லை ஐயா, உங்கள் கால் சொல்வது சரிதான். பூஸ்டருக்குள் ஒரு பக்கம் வெற்றிடம், மறுபக்கம் வெளிக்காற்று. தள்ளுவது வெளிக்காற்றுதான். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. 300 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் ஏறக்குறைய ஒரு பாதரச அங்குலம் குறையும். சென்னையில் வேக்குவம் மீட்டர் 18 அங்குலம் காட்டிய எஞ்சின் இங்கே 15 அங்குலம்தான் காட்டும். 20 செ.மீ. விட்டமுள்ள டயாபிரம் என்று வைத்துக்கொண்டால், அங்கே சுமார் 195 கிலோ தள்ளியது இங்கே சுமார் 160 கிலோதான் தள்ளும். ஆறில் ஒரு பங்கு போய்விட்டது.

அதனால்தான் நம் ஊருக்கு ஒரு சுற்றுப் பெரிய பூஸ்டரே போடச் சொல்வேன். அதற்கு முன் ஒரு வேக்குவம் மீட்டரை மாட்டிப் பாருங்கள். 15-க்கும் கீழே காட்டினால் இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கலாம், அல்லது எங்கோ காற்று புகுகிறது. முள் விட்டுவிட்டு ஒரே சீராகத் துள்ளினால் வால்வு ஒன்று சரியாக உட்காரவில்லை. இந்தக் குறை எஞ்சினில் இருக்க, பூஸ்டரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ரிசர்வ் டேங்க் வைத்தால் சரியாகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இருக்கும் வெற்றிடத்தை அது சேமித்து வைக்கும், அதிகமாக்காது.

கேள்வி (கம்மனஹள்ளி): பூஸ்டர் போட்டாயிற்று. இப்போது கால் பட்டாலே தலை கண்ணாடியில் மோதுகிறது.

பெடலை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். பவர் இல்லாத பிரேக்குக்குப் பெடல் நெம்புகோல் விகிதம் ஆறுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும். பூஸ்டர் வந்த பிறகு நான்குக்கு ஒன்று போதும். பெடல் சுழலும் ஆணியிலிருந்து கால் வைக்கும் இடம் வரை 30 செ.மீ., அதே ஆணியிலிருந்து தள்ளுகோல் மாட்டும் துளை வரை 5 செ.மீ. என்றால் விகிதம் ஆறு. துளையை 7.5 செ.மீ.க்கு நகர்த்தினால் நான்கு ஆகிவிடும். கோல் நேராகத் தள்ளுகிறதா என்று பாருங்கள், சாய்ந்து தள்ளினால் பூஸ்டர் சீல் தேயும்.

கேள்வி (விவேக் நகர்): ஓட்ட ஓட்டப் பெடல் மேலே வந்து கட்டையாகிறது. சக்கரம் சுடுகிறது. நின்று ஆறவிட்டால் சரியாகிவிடுகிறது.

பூஸ்டருக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள கோல் நீளமாக இருக்கிறது. காலை எடுத்த பிறகும் பிஸ்டனை அது சற்றே தள்ளிக்கொண்டிருக்கிறது. அதனால் ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கிறது. சூட்டில் விரிந்த ஆயிலுக்குப் போக வழியில்லாமல் பிரேக் தானாகவே பிடிக்கிறது.

தொழிலைத் தொடங்கிய புதிதில் இந்தத் தவறை நானே செய்தேன். வண்டிக்காரர் ஓசூர் போகும் வழியில் முன் டிரம்கள் புகைந்து நின்றுவிட்டார், குழந்தைகளும் வண்டியில் இருந்தார்கள். யாருக்கும் அடிபடவில்லை. அன்றிலிருந்து கோலை அளக்காமல் ஒரு வண்டியையும் வெளியே அனுப்பியதில்லை. கோலின் நுனியில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைச் சிறிது ஒட்டி, மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்தி இறுக்கி, மறுபடி கழற்றிப் பாருங்கள். அரை மி.மீ. அளவு மண் நசுங்காமல் நிற்க வேண்டும். மண்ணே மிஞ்சவில்லை என்றால் கோல் நீளம். மிகத் தடிமனாக நின்றால் கோல் குட்டை, மிதிக்கும்போது பெடல் வெறுமனே இறங்கும்.

கேள்வி (எஜிபுரா): மாஸ்டர் சிலிண்டரையும் இரட்டையாக மாற்ற வேண்டுமா? செலவைக் குறைக்கப் பார்க்கிறேன்.

பூஸ்டரையே விட்டுவிட்டாலும் இதை விடாதீர்கள். ஒற்றைச் சுற்றில், அதாவது நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் பாதை இருந்தால், எந்த ஓஸ் வெடித்தாலும் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். அமெரிக்க வண்டிகளில் 1967 மாடல் வாக்கில் முன், பின் என இரட்டைச் சுற்று பரவலாக வந்தது. உங்கள் வண்டி அதற்கு முந்தியது. பணம் குறைவு என்றால் இந்த ஆண்டு இரட்டை மாஸ்டர் சிலிண்டர், அடுத்த ஆண்டு பூஸ்டர்.

பைப்பைச் செம்பில் போடலாம் என்று யாரோ சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சுத்தச் செம்பு வளைக்கச் சுலபம், ஆனால் அதிர்வில் இறுகி விரிசல் விடும். பிரேக்குக்கென்று வரும் எஃகுப் பைப் அல்லது செம்பு-நிக்கல் பைப், நுனியில் இரட்டை மடிப்பு. வேறு எதையும் நான் தொடுவதில்லை.

கேள்வி (ஹெப்பால்): எந்த பிரேக் ஆயில்?

டாட் 3 அல்லது டாட் 4 (டப்பாவில் போட்டிருக்கும் தர எண்). புதிய ஆயிலின் கொதிநிலை டாட் 3-க்குக் குறைந்தது 205 டிகிரி, டாட் 4-க்கு 230. ஈரம் இழுத்தால் இவை 140, 155 எனக் குறையும், ஆகையால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். சிலிக்கான் வகையான டாட் 5-ஐ இவற்றோடு கலக்காதீர்கள். ரப்பர் சாமான்களைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவினால் உப்பிவிடும்.

கேள்வி (மாரத்தஹள்ளி): திம்பம் வழியாகச் சத்தியமங்கலம் போகிறோம். இறக்கத்தில் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்கிறார் நண்பர்.

அந்த நண்பரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். எஞ்சின் நின்றால் பூஸ்டரில் மிஞ்சியிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகள். நான்காவது மிதியில் பெடல் கல்லாகிவிடும். ஏறும்போது எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

கேள்வி (ஜெயநகர்): பூஸ்டர் போட்டால் விண்டேஜ் பதிவு கிடைக்காமல் போகுமா?

2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேலான, சேசிஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் மாற்றம் செய்யாத வண்டிக்குத்தான் விண்டேஜுக்கான வி.ஏ. வரிசைப் பதிவெண். அந்தப் பட்டியலில் பிரேக் இல்லை. ஆனாலும் சேசிஸை வெட்டி ஒட்டாதீர்கள், இருக்கும் துளைகளிலேயே பிராக்கெட்டை மாட்டுங்கள். வி.ஏ. எண் வாங்கினால் வண்டியை அன்றாடம் ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (லிங்கராஜபுரம்): ஐயா, அப்பாவுக்கு 74 வயது. முழங்கால் வலி. 1961 ஜீப் பிக்கப்பை ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டாமல் அவரால் இருக்க முடியாது. வண்டியில் எதையும் வெட்டக் கூடாது என்கிறார். பிரேக்கெல்லாம் போன மாதம்தான் புதிதாகச் செய்தது.

அம்மா, பூஸ்டர் என்பதே உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்குத்தான். தனியாக வைக்கும் பூஸ்டர் ஒன்று உண்டு. மாஸ்டர் சிலிண்டரையும் பெடலையும் தொடாமல், நடுவில் பைப்பை மட்டும் பிரித்து மாட்டுவது. இருக்கும் துளைகளில் பிராக்கெட் வைத்து மாட்டலாம், வேண்டாம் என்றால் சுவடில்லாமல் கழற்றிவிடலாம். அது ஆயில் வெளியேறும் முனை மேல்நோக்கியிருக்கும்படி சற்றுச் சாய்வாக உட்கார வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே காற்று தங்கிவிடும். ஒற்றைச் சுற்று அப்படியே இருப்பதால் நான்கு ரப்பர் ஓஸையும் புதிதாக்கி, கைப்பிரேக் வண்டியை மேட்டில் நிறுத்துகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் அப்பாவையே ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொல்லுங்கள். எஞ்சினை அணைத்து, பெடல் இறுகும் வரை ஐந்தாறு முறை மிதிக்கட்டும். கடைசி மிதியில் காலை எடுக்காமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யட்டும். காலடியில் பெடல் தானாகச் சற்றுக் கீழே இறங்கும். பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். முதல் ஞாயிறு நீங்களும் கூடவே போங்கள், காலை ஆறு மணிக்குச் சாலை காலியாக இருக்கும்போது.