கிட்டத்தில் அளப்பது

வணக்கம் சார். அம்மாவுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய். வெளியிலிருந்து கரண்ட் வைப்பது முடிந்து, இப்போது உள்ளே வைக்கிற சிகிச்சை. குழாய்களைப் பொருத்தி, ஸ்கேன் எடுத்து, கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு மணி நேரம் கணக்குப் போட்டார்கள். அம்மா வலியோடு அசையாமல் படுத்திருந்தார். கதிர் கொடுத்தது பத்து நிமிடம்கூட இல்லை. அவ்வளவு நேரம் என்ன கணக்கு? அத்தனை கிட்டத்தில் எவ்வளவு விழுகிறது என்று அளக்க முடியுமா? வீட்டுக்கு வந்தால் அம்மா பேரனைத் தூக்கலாமா? பக்கத்துத் தெருவில் தைராய்டுக்கு மருந்து குடித்தவரைத் தனியாக வைத்திருந்தார்கள், அதனால் கேட்கிறேன்.

— ஒரு வாசகி, மன்னார்குடி

அன்புள்ள தங்கைக்கு,

பேரனைத் தாராளமாகத் தூக்கலாம். தைராய்டுக்குக் கொடுக்கும் அயோடின்-131 உடம்புக்குள்ளேயே தங்கிக் கதிர் வீசும். அம்மாவுக்கு வைப்பது அப்படியல்ல. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது இரிடியம்-192 என்ற கதிர் வீசும் உலோகமாக இருக்கும். அரிசி மணியைவிடச் சின்னது, கம்பி நுனியில் ஒட்டியிருக்கும். குழாய் வழியாக உள்ளே போய், நேரம் முடிந்ததும் பெட்டிக்குத் திரும்பிவிடும். உடம்பில் மிச்சம் எதுவும் இருக்காது. திரும்பிவிட்டதா என்று மீட்டரை வைத்துப் பார்த்தும் விடுவார்கள்.

இனி அளவு. கதிர் வீசும் அந்த மணியை மூலம் என்போம்; உடம்பு வாங்கும் கதிரைக் கிரே என்ற அலகில் அளப்போம். புதிதாக வந்த மூலத்திலிருந்து 1 செ.மீ. தள்ளி, நிமிடத்துக்குச் சுமார் 7.5 கிரே விழும். அரை செ.மீ.க்கு வந்தால் நாலு மடங்கு, 2 செ.மீ.க்குப் போனால் கால் பங்கு. 10 மில்லிமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் கிட்டே வந்துவிட்டால் 23 சதவீதம் கூடிவிடும். அதே பிசகு 10 செ.மீ.யில் நடந்தால் 2 சதவீதம்தான். ஆக, கிட்டத்தில் கதிரை அளப்பது என்பது முக்கால்வாசி தூரத்தை அளப்பதுதான்.

இதற்குப் பெரிய கருவி உதவாது. நாங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் அயன் அறை, அதாவது கதிர் பட்டு உள்ளே காற்றில் உண்டாகும் மின்சாரத்தை அளக்கும் கருவி, 6 மில்லிமீட்டர் குறுக்களவு. 1 செ.மீ.யில் வைத்தால் அதன் முன்சுவரில் விழுவது பின்சுவரைப்போல மூன்று மடங்குக்கு மேல். இதில் எதை அளவு என்று எழுதுவது? அதனால்தான் லித்தியம் ஃப்ளோரைடு சில்லுகள். 3 மில்லிமீட்டர் சதுரம், ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லை. கதிர் பட்டதைச் சூடாக்கினால் ஒளிரும், அந்த ஒளியை அளப்போம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மருத்துவமனையில் பிளாஸ்டிக் பலகையில் துளையிட்டு, மூலம் போகும் குழாயைச் செருகி, அதிலிருந்து 1 செ.மீ. தள்ளி இடமும் வலமும் சில்லு வைத்தேன். இடது பக்கம் 20 சதவீதத்துக்கு மேல் கூடுதல். இரவெல்லாம் திரும்பத் திரும்ப அளந்தேன், மாறவில்லை. விடிந்தபின் துளையை உற்றுப் பார்த்தால், குழாய் அரை மில்லிமீட்டர் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. அப்புறம் நாலு பக்கமும் சில்லு வைத்துச் சராசரி எடுத்தேன். சரியாக வந்தது.

ஒவ்வொரு நோயாளிக்கும் இப்படி அளக்க முடியாது. நம்மூரில் மதகு வாயில், தண்ணீர் சீறும் இடத்தில் யாரும் அளவுகோல் நடுவதில்லை. ஓட்டம் சீரான இடத்தில் நட்டுக் கணக்குப் போடுகிறார்கள். இங்கேயும் அதுதான். கிணறு போன்ற ஓர் அயன் அறையின் நடுவில் மூலத்தை இறக்கினால், சுற்றிலும் அளப்பதால் மில்லிமீட்டர் பிசகு பெரிதாகப் பாதிக்காது. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் அந்த அறையைச் சரிபார்த்துத் தருவார்கள். அப்படி அளந்து கிடைத்த மூலத்தின் வலிமையிலிருந்து கிட்டத்து அளவைக் கணக்கிடும் முறையை அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 1995-இல் வகுத்து, 2004-இல் திருத்தியது. கம்பி இருக்கும் பக்கம் கதிர் குறைவது, தண்ணீரில் சிதறி வருவது எல்லாம் அதில் அடக்கம். இரிடியத்தின் அரை ஆயுள் 74 நாள், தினம் ஏறக்குறைய ஒரு சதவீதம் இறங்கும். அதற்கேற்ப நேரத்தைக் கூட்ட வேண்டும்.

அந்த இரண்டு மணி நேரம் இதற்குத்தான். சிறுநீர்ப்பையும் மலக்குடலும் குழாயிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கின்றன என்று ஸ்கேனில் குறித்து, கம்பி எங்கே எத்தனை விநாடி நிற்கவேண்டும் என்று முடிவு செய்வார்கள். உள்ளே துணி திணிப்பதும் அவற்றைத் தள்ளி வைக்கத்தான். வலிக்கும், தெரியும். ஸ்கேனுக்குப் பின் அம்மா புரண்டால் அந்தக் கணக்கு பொய்யாகிவிடும். அடுத்த முறை வலி தாங்கவில்லை என்றால் அம்மா அசைவதற்கு முன்பே நர்ஸைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். மருந்து கொடுப்பார்கள்.