சென்னை மாதிரி ஊரில், வாடகை வீட்டில் இருந்துகொண்டு மரத்தில் பறித்த பழம் சாப்பிட முடியுமா?

தாராளமாக முடியும். நான் 12 வருடமாக நங்கநல்லூரில் வாடகைக்கு இருக்கிறேன். சொந்தமாக ஒரு சாண் மண் கிடையாது. ஆனாலும் மாசியில் தொடங்கி புரட்டாசி வரை ஏதாவது ஒரு பழம் மரத்திலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

முதலில் தெருவைப் பாருங்கள். காலி மனை ஓரத்தில் முள்ளோடு நிற்கும் கொடுக்காப்புளி மாசி, பங்குனியில் சுருள் வெடித்துச் சிவக்கும். சின்னச் சிவப்பு உருண்டையாகக் காய்க்கும் தேன்பழ மரம் ஏறக்குறைய வருடம் முழுக்கப் பழம் தரும். ஆனி பிறந்தால் நாவல்.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு மாமி வீட்டு நாவல் மரத்தின் பாதிக் கிளை மதிலைத் தாண்டி ரோட்டின் மேல்தான் இருக்கிறது. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது அந்தத் தெருவில் பல மரங்கள் சாய்ந்தன. இது ஒரு கிளை முறிந்ததோடு தப்பியது. ஒவ்வொரு ஆனியிலும் பழமெல்லாம் வண்டிச் சக்கரத்தில் நசுங்கி ரோடே ஊதாவாகிவிடும். பார்க்கவே மனசு கேட்காது. ஒருநாள் கேட்டைத் தட்டி, "மாமி, பழம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டேன். "தாராளமா எடுத்துக்கோங்கோ, என்னால பெருக்கி மாளலை" என்றார்.

இப்போது காலை ஆறு மணிக்கு முன்பே போய்விடுவோம். பழைய நூல் புடவையை நாலு பேர் நாலு முனையில் பிடித்துக்கொள்ள, ஒருவர் துரட்டியால் கிளையை மெல்ல உலுக்குவார். மரத்தில் ஏறவே கூடாது, நாவல் கிளை சட்டென்று முறியும். துணியில் விழுந்த பழம் தோல் கிழியாமல் இருக்கும். தரையில் விழுந்து வெடித்தது மத்தியானத்துக்குள் புளித்துவிடும். உப்புத் தண்ணீரில் அலசி, கொஞ்சம் கல் உப்பு தூவிக் குலுக்கி, பத்து நிமிடம் வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். கடையில் வாங்கும் நாவலில் இந்த வாசனை இருக்காது.

எந்த மரமானாலும் கேட்டுவிட்டுப் பறியுங்கள். இதுவரை பறிக்கக் கூடாது என்று மறுத்தவர்கள் இரண்டு பேர்தான். பெயர் தெரியாத காயைக் குழந்தைகள் வாயில் வைக்க விடாதீர்கள். வேலியோரம் காய்க்கும் மஞ்சள் அரளிக்காய் கடும் விஷம். வவ்வாலோ அணிலோ கடித்த பழமும் வேண்டாம்.

அப்புறம் மாடி. வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, பெரிய தொட்டிகளைப் பீம் வருகிற இடமாகப் பார்த்து வையுங்கள். கொய்யா, எலுமிச்சை என்றால் பதியன் கன்று வாங்குங்கள், சீக்கிரம் காய்க்கும். நான் பாதி டிரம்மில் சீத்தா வைத்திருக்கிறேன். முதல் இரண்டு வருடம் பூவெல்லாம் உதிர்ந்தது. உரம் போதவில்லை என்று நினைத்தேன். காரணம் அதுவல்ல. சீத்தாப் பூ முதலில் பெண்ணாக இருந்து, பிறகுதான் மகரந்தம் விடும். இரண்டும் ஒரே நேரத்தில் அமையாததால், ஒரு பூவிலிருந்து இன்னொன்றுக்கு மகரந்தம் கொண்டுபோகச் சிறு வண்டுகள் வேண்டும். எங்கள் மாடியில் அவை இல்லை.

சரி, அந்த வேலையை நாமே செய்வோம் என்று வைகாசியில் விடிந்ததும் ஒரு மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷோடு போனேன். மூன்று இதழும் நன்றாக விரிந்த பூவில் வெளிர் மஞ்சள் தூள் இருக்கும். அதைத் தொட்டு, லேசாக வாய் திறந்த பூவின் நடுவே பிசுபிசுப்பாக இருக்கும் குமிழில் சுற்றித் தடவினேன். ஒரு வாரத்தில் பட்டாணி அளவுக்குப் பிஞ்சு நின்றது. மாவுப்பூச்சி வரும். வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து அடித்தால் அடங்கும்.

காயின் கண்கள் விரிந்து இடுக்கில் வெளிர் மஞ்சள் தெரிந்ததும் பறித்து அரிசிப் பானையில் வைத்துவிடுவேன், மூன்றே நாளில் பழுத்துவிடும். போன புரட்டாசியில் 11 பழம். பெரியதாகப் பார்த்து இரண்டை மாமிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.