டர்போ காருக்கு எக்ஸாஸ்ட் மாற்றும் முன்: கேள்வி பதில்

வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். பதில்கள் எல்லாம் பெட்ரோல் டர்போ எஞ்சினுக்கு.

கேள்வி: சத்தம் கொஞ்சம் கனமாகக் கேட்டால் போதும். எஞ்சினுக்குத் தொந்தரவு வராமல் எதை மாற்றலாம்?

பதில்: கேட்-பேக். கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம், சுருக்கமாக 'கேட்') பின்னால் இருக்கும் குழாயும் சைலன்சரும்தான் அது. ஆக்சிஜன் சென்சார்கள் பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே இருப்பதால் ஈசியூவுக்கு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கு) அநேகமாக எந்த மாற்றமும் தெரியாது, ட்யூனும் (அதன் அமைப்புகளை மாற்றி எழுதுவதும்) தேவைப்படாது. பவர் பெரிதாக ஏறாது. உங்களுக்கு வேண்டியது சத்தம்தானே, இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பின்பக்கம் பார்ட்டிகுலேட் ஃபில்டர் (கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள கார் என்றால் அதை அப்படியே விட்டுவிடும் செட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: "பேக் பிரஷர் இல்லாவிட்டால் இழுவை போய்விடும்" என்கிறார் மெக்கானிக். உண்மையா அண்ணா?

பதில்: டர்போவில் இல்லை. பேக் பிரஷர் என்றால் புகை வெளியேறுவதை எதிர்க்கும் அழுத்தம். டர்பைனுக்கு (புகை தள்ளிச் சுழலும் டர்போவின் சக்கரத்துக்கு) முன்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் பின்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அதைச் சுழற்றுகிறது. பின்னால் அழுத்தம் குறையக் குறைய டர்போ சீக்கிரம் எழும். டர்போ இல்லாத எஞ்சினில் அளவுக்கு மீறிப் பெரிய குழாய் போட்டால் புகை போகும் வேகம் குறைந்து கீழ் ஆர்பிஎம்மில் இழுவை குறையும். அதைப் பார்த்துத்தான் இந்தப் பேச்சு வந்தது.

கேள்வி: 3 அங்குல டவுன்பைப் (டர்போவிலிருந்து இறங்கும் முதல் குழாய்) போட்டேன், ட்யூன் செய்யவில்லை. நாலாவது கியரில் முழுதாக மிதித்தால் பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) 1.2 பாரில் நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறது. குளிர்ந்த காலையில் இன்னும் மோசம். ஓட்டலாமா?

பதில்: ஓட்டலாம், ஆனால் முழுதாக மிதிப்பதை இன்றோடு நிறுத்துங்கள் தம்பி. இதற்குப் பெயர் பூஸ்ட் க்ரீப். டர்பைனைத் தவிர்த்து மிச்சப் புகையை வெளியே விடுவது வேஸ்ட்கேட். கம்பெனி அந்தத் துளையைப் பழைய, இறுக்கமான எக்ஸாஸ்டைக் கணக்கில் வைத்து அளவெடுத்திருக்கும். 2.5 அங்குலத்திலிருந்து 3 அங்குலத்துக்குப் போனாலே குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பு 44 சதவீதம் கூடுகிறது. டர்பைன் வழியாகப் புகை தாராளமாகப் போக, வேஸ்ட்கேட் முழுதாகத் திறந்தும் அதைச் சமாளிக்க முடிவதில்லை. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதனால் காலையில் கூடுதலாக ஏறுகிறது.

முதலில் இது க்ரீப்தானா என்று பாருங்கள். ஒரு நொடி எகிறிவிட்டு இறங்கினால் அது ஸ்பைக், பூஸ்ட் கன்ட்ரோல் சரிசெய்தால் போதும். ஆர்பிஎம் ஏற ஏறப் பூஸ்டும் கூடவே ஏறினால்தான் க்ரீப். உங்களுடையது பூஸ்ட் அழுத்தத்தில் இயங்கும் ஆக்சுவேட்டர் (வேஸ்ட்கேட்டைத் திறக்கும் பாகம்) என்றால், சொலினாய்டை (அந்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மின்வால்வை) தவிர்த்து பூஸ்ட் ஹோஸை நேராக ஆக்சுவேட்டரில் மாட்டிப் பாருங்கள். அப்போதும் ஏறினால் துளையின் கொள்ளளவுதான் போதவில்லை. டவுன்பைப்பைக் கழற்றி, வேஸ்ட்கேட் மூடி முழுதாகத் திறக்கும்போது உள்சுவரில் இடிக்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். சில பைப்புகளில் தடுப்புத் தகடு சரியாக அங்கேதான் வந்து நிற்கும். இடிக்கவில்லையென்றால் துளையைப் பெரிதாக்க வேண்டும், அல்லது தனி வேஸ்ட்கேட் வைக்க வேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகு ட்யூன் கட்டாயம். எரிபொருள் போதாமல் நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) வந்தால் பிஸ்டன் ரிங் உட்காரும் விளிம்பு உடையும், அப்புறம் எஞ்சினையே இறக்க வேண்டியதுதான். பூஸ்ட் எல்லை மீறும்போது ஈசியூ எரிபொருளை நிறுத்துவது உங்கள் எஞ்சினைக் காப்பாற்றத்தான். அதை அணைத்துத் தருகிறேன் என்று சொல்லும் ட்யூனரிடம் போகாதீர்கள்.

கேள்வி: கேட்டை எடுத்துவிட்டு வெறும் குழாய் போட்டால் பவர் கூடும் என்கிறார்களே?

பதில்: வேண்டாம். பெரும்பாலான நாடுகளில் சட்டவிரோதம், அதோடு நாம் விடும் புகையை அடுத்தவர்தான் சுவாசிக்கிறார். சதுர அங்குலத்துக்கு 200 அறைகள் கொண்ட நல்ல உலோக கேட் போட்டால், வெறும் குழாயோடு ஒப்பிடும்போது சாலையில் ஓட்டுபவருக்கு வித்தியாசம் தெரிவதே கஷ்டம். அதிலும் பி0420 கோட் (கேட் சரியாக வேலை செய்யவில்லை என்னும் எச்சரிக்கை) வந்து எஞ்சின் லைட் எரியலாம். பின் சென்சாரை ஸ்பேசர் வைத்துத் தள்ளி லைட்டை மறைப்பது தீர்வாகாது. நாளைக்கு கேட் உண்மையாகவே கெட்டாலும் உங்களுக்குத் தெரியாமல் போகும்.

கேள்வி: ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பட படவென்று வெடிக்கும் மேப் (அப்படி எழுதிய ஈசியூ ட்யூன்) போடலாமா?

பதில்: இக்னிஷனைத் தாமதப்படுத்தி எக்ஸாஸ்டுக்குள் எரிய விடுகிறார்கள். எக்ஸாஸ்ட் வால்வும் டர்பைனும் கேட்டும் சேர்ந்து அடி வாங்கும். ஆயுள் முக்கியம் என்றால் போடாதீர்கள்.

கேள்வி: கேட்-பேக் போட்டபின் 2400 ஆர்பிஎம்மில் காதை அடைக்கும் ஓர் உறுமல். நெடுந்தூரம் போனால் தலை வலிக்கிறது.

பதில்: நாலு சிலிண்டர் என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிகிறது. 2400 ஆர்பிஎம்மில் அது 80 ஹெர்ட்ஸ். எக்ஸாஸ்டில் வாயு சுமார் 350 டிகிரி சூட்டில் இருந்தால் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர். அதை 80-இன் நாலு மடங்கால் வகுத்தால் 1.56 மீட்டர். கடைசி முனை மூடிய அந்த நீளக் குழாயைப் பக்கவாட்டில் கிளையாகப் பற்றவைத்தால் அந்த ஒரு சுருதி மட்டும் அடங்கும், புகையின் ஓட்டத்துக்குத் தடையே இல்லை. சூடு மாறினால் நீளமும் மாறும் என்பதால், முனையில் நீளத்தைக் கூட்டிக் குறைக்க வழி வைத்துச் செய்யச் சொல்லுங்கள். எனக்கு மிகப் பிடித்த தீர்வு இது.

கேள்வி: 304 ஸ்டெயின்லெஸ் டவுன்பைப், ஒரே வருடத்தில் வெல்டிங் ஓரம் விரிசல். தரமில்லாத உலோகமா?

பதில்: உலோகத்தை உடனே குறை சொல்லாதீர்கள். 304 சூட்டில் நிறைய நீளும்: ஒரு மீட்டர் குழாய் 500 டிகிரி ஏறினால் 9 மில்லிமீட்டர் வரை. நடுவில் ஃப்ளெக்ஸ் (வளைந்து கொடுக்கும் துண்டு) இல்லாவிட்டாலோ, மொத்த எடையும் டர்போ ஃபிளாஞ்சில் தொங்கினாலோ எந்தக் குழாயும் விரிசல் விடும். கம்பெனி வைத்த பிராக்கெட்டை "தேவையில்லை" என்று கழற்றிப் போட்டிருக்கிறார்களா பாருங்கள். பிறகு வெல்டிங்கின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். கறுத்து, சர்க்கரை பாகு முறிந்தது போல் பொரிப்பொரியாக இருந்தால், உள்ளே ஆர்கான் வாயு விடாமல் பற்றவைத்திருக்கிறார்கள். அந்த இடம் திரும்பத் திரும்ப உடையும்.

கேள்வி: ஜாயிண்டில் லேசாகப் புகை கசிகிறது. சிலிக்கோன் பூசி அடைக்கலாமா?

பதில்: சாதாரண சிலிக்கோன் ஆவி ஆக்சிஜன் சென்சாரைக் கெடுத்துவிடும். புது கேஸ்கெட் போடுங்கள். கசிவு முன் சென்சாருக்கு முன்னால் என்றால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு சென்சார் தப்பாகப் படிக்கும், ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் கொட்டும். எக்ஸாஸ்ட் மாற்றி, இரண்டு மூன்று தடவை நன்றாகச் சூடாகி ஆறிய பிறகு எல்லா நட்டையும் வி-பேண்ட் கிளாம்பையும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். முதல் இளக்கம் அப்போதுதான் வரும்.