மூன்றாவது காலை வெட்டாதேயும்

தம்பி, யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் இருந்து வந்து கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பேஸ்மன்ட் எடுத்திருக்கிறீர். சுவரில் இரண்டு துளைதான், அம்பிளிபயர் பிளக்கிலோ மூன்று கால். அடாப்டர் போட்டால் பாட்டு வருகிறது, ஆனால் பெட்டியில் கை பட்டால் சுள்ளென்கிறது என்று எழுதியிருந்தீர். அப்பாவின் ரெக்கோர்ட் பிளேயரை ஊரில் இருந்து எடுப்பிக்கலாமா என்றும் கேட்டீர்.

1960களுக்கு முன் கட்டிய வீடுகளில், அந்த மூன்றாவது கால் சேர வேண்டிய புவிக்கம்பி, அதாவது எர்த், இழுக்காமல் விட்டது இங்கே சாதாரணம். சில அம்பிளிபயர்களுக்குள் மின்கம்பிக்கும் உலோகப் பெட்டிக்கும் இடையில் சிறு கப்பாசிற்றர்கள் (மின்தேக்கிகள்) இருக்கும். அவற்றின் கசிவு எர்த்துக்குப் போக வேண்டும். வழியில்லாவிட்டால் பெட்டி 120 வோல்ட்டின் பாதியளவில் நின்றுவிடும். புறங்கையால் மெதுவாகத் தடவினால் மயிர் சிலிர்ப்பது போல இருக்குமே, அதுதான். அந்தக் கசிவு சிறிது. உள்ளே ஒரு கம்பி கழன்று பெட்டியில் முட்டினால் கதை வேறு.

அடாப்டரில் தொங்கும் உலோக நாக்கைச் சுவர்த் தகட்டின் திருகாணியில் பூட்டுவார்கள். தகட்டுக்குப் பின்னால் சுவருக்குள் உலோகப் பெட்டி இருந்து, அதுவும் எர்த்தில் இணைந்திருந்தால்தான் பயன்.

மலிவாகச் செய்து தருகிறேன் என்று வருகிறவர்களிடம் கவனமாக இரும். மூன்று துளை சொக்கற்றைப் பூட்டி, மின்சாரம் திரும்பிப் போகும் நியூற்றல் கம்பியையே எர்த் திருகாணிக்கு ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுவார்கள். சோதிக்கும் விளக்குப் பிளக்கும் எல்லாம் சரி என்றுதான் காட்டும். நியூற்றல் அறுந்த அன்று 120 வோல்ட்டும் உமது பெட்டியில் நிற்கும். இதைவிட அந்த இரண்டு துளையே மேல்.

வீட்டுக்காரரிடம் ஜி.எஃப்.சி.ஐ. சொக்கற் போட்டுத் தரச் சொல்லும். ஊர் வீட்டு மெயின் போர்டில் இருக்கும் ட்ரிப் சுவிட்ச்சின் தம்பிதான் அது. மின்சாரம் வெளியே கசிந்தால் இரண்டும் தாமாக விழுந்து மின்சாரத்தை நிறுத்தும். அங்கே வழக்கமாக 30 மில்லி அம்பியர் கசிவில் விழும். இது ஏறத்தாழ 5-இலேயே விழும். போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிடுவதால் எர்த் இல்லாமலே வேலை செய்யும், சட்டமும் அனுமதிக்கிறது. ஆனால் எர்த் வந்துவிட்டதாக நினைக்காதேயும், அந்தச் சுள்ளெனல் போகாது. ஒன்ராறியோவில் இதற்கு ஆள் பிடிப்பதென்றால் உரிமம் உள்ள மின் ஒப்பந்தக்காரரைத்தான் பிடிக்க வேண்டும். நீர் திருகாணி முறுக்கியைத் தொடவே வேண்டாம்.

பிறகு எர்த் உள்ள இடத்துக்கு மாறி, ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தாலும் மூன்றாவது காலை வெட்டாதேயும். எல்லாவற்றையும் ஒரே சொக்கற்றில் செருகும். கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாரும், பல வேளைகளில் கள்வன் அவன்தான்.

ரெக்கோர்ட் பிளேயர் விஷயம். ஊர்ப் பிளேயருக்கு வேண்டிய 230 வோல்ட்டை ட்ரான்ஸ்போமர் தரும். ஊர் மின்சாரம் செக்கனுக்கு 50 சைக்கிள், அதைத் தராது. இங்கே 60. மின்சாரத்தின் சைக்கிளைப் பின்பற்றிச் சுழலும் பழைய மோட்டார் என்றால் தட்டு ஐந்தில் ஒரு பங்கு வேகமாக ஓடும். தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் வாசிப்பே தடுமாறும். சுருதியும் ஏறிவிடும், நாதஸ்வரத்தின் ஷட்ஜம் (ச) சாதாரண காந்தாரத்தில் (க) போய் நிற்கும். இசைத்தட்டுகளை மட்டும் எடுப்பியும், பிளேயரை இங்கேயே வாங்கலாம்.