கொக்கின் காலும் கடைக் கம்பியும்

அன்புள்ள ஐயா,

கடலூர் முதுநகரில் கேட், ஜன்னல் கிரில் செய்யும் பட்டறையில் வெல்டராக இருக்கிறேன். வேலை முடிந்த பிறகு, மீந்த கம்பி, துண்டுத் தகடு, காயலான் கடையில் எடைக்கு வாங்கிய பைக் செயின், ஸ்பேனர், பேரிங் இவற்றைக் கொண்டு ஒரு கொக்கும் ஒரு காளையும் செய்தேன். படங்களை இணைத்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் "இது செயின், இது ஸ்பேனர்" என்று கண்டுபிடித்து மகிழ்கிறார்கள். எனக்கு மட்டும் அவற்றில் உயிர் இல்லை என்று தோன்றுகிறது. குறை எங்கே என்று பிடிபடவில்லை. மொட்டை மாடியில் வைத்த கொக்கு ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்துவிட்டது. ஓவியக் கல்லூரிப் பக்கமே போகாதவன் இதில் இறங்கலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கண் சரியாகவே பார்த்திருக்கிறது. சுற்றி நிற்பவர்கள் பாராட்டும்போது தன் வேலையில் ஏதோ குறைகிறது என்று உணர்வது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. யார் என்ன சொன்னாலும் அந்த உணர்வை விட்டுவிடாதீர்கள்.

கொக்கின் கால்களைப் பாருங்கள். பத்து எம்எம் கம்பி, மேலிருந்து பாதம்வரை ஒரே கனம். கழுத்தும் அப்படியே, காளையின் கொம்பும் அப்படியே. கடைக் கம்பி எந்த இடத்தில் வெட்டினாலும் ஒரே பருமன்தான். கட்டடத்துக்கும் கிரில்லுக்கும் அதுதான் வேண்டும். உயிருள்ள உடம்பிலோ ஓர் எலும்புகூட அப்படி இல்லை. மூட்டருகே புடைத்து, நடுவில் ஒடுங்கி, அடுத்த மூட்டில் மறுபடி புடைக்கிறது. கொம்பு அடியில் பருத்து நுனியில் கூராகிறது. வெல்டிங் இரும்பை ஒட்டத்தான் செய்யும். அதன் பருமனை மாற்ற நெருப்பும் சம்மட்டியும் வேண்டும். நான் சொல்ல விரும்புவது இதுதான்: வெல்டிங் ராடைக் குறைத்துக்கொண்டு உலைக்குப் போங்கள்.

அரிவாளும் மண்வெட்டியும் அடிக்கும் கொல்லுப்பட்டறைகள் உங்கள் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் இருக்கும். அறுவடைக்கு முன்பு கூட்டமாக இருக்கும். மற்ற நாட்களில் போய், சம்மட்டி அடிக்க ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். முதலில் பழக வேண்டியது நிறம். மங்கிய சிவப்பில் அடித்தால் கைதான் வலிக்கும், இரும்பு நகராது. ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் இடையில், ஏறத்தாழ 1,000 முதல் 1,200 டிகிரி செல்சியஸ்வரை, அது இணங்கிக்கொடுக்கும். அதற்கும் மேலே வெண்மை ஏறி மத்தாப்புப் போலப் பொறி பறந்தால் இரும்பே எரியத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தத் துண்டு அவ்வளவுதான். வெயிலில் இந்த நிறங்கள் கண்ணுக்குப் பிடிபடாது. கொல்லுப்பட்டறை இருட்டாக இருப்பது அதற்காகத்தான்.

கம்பியை ஒடுக்குவதற்கும் ஒரு முறை உண்டு. உருண்டைக் கம்பியை உருண்டையாகவே வைத்து ஒடுக்கினால் நடுவில் பிளவு விழும். முதலில் நான்கு பக்கமும் அடித்துச் சதுரமாக்க வேண்டும். கம்பியைக் கால் சுற்றுத் திருப்பித் திருப்பி அடித்து, சதுரமாகவே நுனிவரை ஒடுக்க வேண்டும். பிறகு நான்கு மூலைகளையும் தட்டி எட்டுப் பட்டையாக்க வேண்டும். உருட்டுவது கடைசியில்தான். அடிக்க அடிக்கக் கம்பி மெலியும், மெலிந்த அளவுக்கு நீளும். ஆகவே காளைக் கொம்புக்கு இருபது எம்எம் கம்பியில், நீளம் குறைவான துண்டாக எடுத்துத் தொடங்குங்கள். நான் பல கொம்புகளை எட்டுப் பட்டையிலேயே நிறுத்திவிடுவதுண்டு. பட்டைகளில் வெளிச்சம் முறிந்து விழும் அழகு வழவழப்பான கொம்பில் வருவதில்லை.

அடுத்தது, நிற்பது. கெடிலத்தின் கரையிலோ உப்பனாற்றுச் சேற்றிலோ காலை நேரத்தில் கொக்கைப் பாருங்கள். முழங்கால் என்று நினைத்து நீங்கள் பின்னோக்கி வளைத்திருக்கும் மூட்டு உண்மையில் கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. அது நம்முடையதைப் போல முன்னோக்கியே நிற்கிறது. தொடை எலும்பு உடம்போடு ஒட்டி முன்பக்கம் வருவதால்தான் பாதம் எடைக்கு நேர் கீழே விழுகிறது. நீங்கள் கால்களை வாலுக்குப் பக்கத்தில் பற்றவைத்திருக்கிறீர்கள். கொக்கு முன்னால் கவிழப் பார்க்கிறது. அதைத் தடுக்கப் பாதத்தைப் பீடத்தோடு பற்றவைத்திருக்கிறீர்கள். அடுத்த முறை பீடத்தில் ஒட்டும் முன்பு, அது தானாக நிற்கிறதா என்று பாருங்கள்.

கழுத்தும் சீரான வளைவு அல்ல. கொக்குக் குடும்பத்தில் ஆறாவது கழுத்தெலும்பு மற்றவற்றைவிட நீண்டு மாறுபட்டிருக்கிறது; அங்கே கழுத்தில் ஒரு முறிப்புத் தெரியும். மீன்மேல் பாய்கிற வேகம் அந்த முறிப்பு நிமிர்வதில்தான் இருக்கிறது. கம்பியை அந்த ஓர் இடத்தில் மட்டும் பழுக்கக் காய்ச்சி மடக்குங்கள்.

காளைக்குக் காறை எலும்பு, அதாவது தோளையும் மார்பெலும்பையும் இணைக்கும் எலும்பு, கிடையாது. முன்னங்கால்கள் உடம்போடு தசையால் மட்டுமே சேர்ந்திருக்கின்றன. மார்பு இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே தொங்குகிறது. எடையில் பாதிக்கு மேல் முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன. உங்கள் காளையின் நான்கு கால்களும் ஒரே அளவு, ஒரே கோணம்.

இவ்வளவு சொல்வது உங்களைச் சோர்வடையச் செய்ய அல்ல. கொக்கைத் தேர்ந்தெடுத்ததிலேயே நீங்கள் இரும்பைப் புரிந்துகொண்டவர் என்று தெரிகிறது. ஐயனார் கோயில் சுடுமண் குதிரைகளின் கால்கள் பருத்திருப்பது மண்ணின் தேவை. கல்லும் அப்படித்தான், கொக்கின் காலை அதன் உண்மையான மெல்லிசில் அதனால் தாங்க முடியாது. இரும்பால் முடியும்.

பழைய பாகங்களைப் பற்றி: 1942இல் பிக்காசோ சைக்கிளின் இருக்கையையும் கைப்பிடியையும் சேர்த்து ஒரு காளைத் தலை செய்தார். இரண்டே பொருள். இருக்கை முகமாகவும் கைப்பிடி கொம்பாகவும் தயக்கமில்லாமல் மாறிவிடுகின்றன. உங்கள் காளையில் இருபதுக்கு மேல் பாகங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் தான் என்னவென்று சொல்லிக்கொண்டே நிற்கிறது. ஸ்பேனரைக் காய்ச்சி அடித்துத் தட்டையாக்குங்கள். அதன் பிறகும் அது அங்கே பொருந்தினால் இருக்கட்டும்.

ஸ்பேனர், பேரிங், லாரியின் ஸ்பிரிங் பட்டை எல்லாம் கார்பன் மிகுந்த எஃகு. சாதாரணக் கம்பியைப் போலப் பற்றவைத்து ஆறவிட்டால் பற்று ஓரத்தில் வெடிக்கும். மறுநாள் காலையில் காது தனியாகக் கீழே கிடக்கும். பற்றவைக்கும் முன்பு சூடேற்றுங்கள், முடித்ததும் சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிடுங்கள், தண்ணீர் காட்டாதீர்கள். துத்தநாக முலாம் பூசிய பைப்பை உலையில் வைக்காதீர்கள், அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். பைக்கின் ஷாக் அப்சார்பர் போன்ற மூடிய உருளைகளை ஒருபோதும் சூடாக்கக் கூடாது, வெடித்துவிடும். இதில் துணிச்சலுக்கு இடமே இல்லை.

துருவுக்கு உங்கள் ஊர்க் காற்றின் உப்பும் காரணம், வெல்டிங்குக்குப் பிறகு பற்றின்மேல் படியும் கசடை நீங்கள் எடுக்காமல் விட்டதும் காரணம். கசடு ஒட்டியிருந்தால் பெயிண்ட் பிடிக்காது. சுத்தியலால் தட்டி, கம்பி பிரஷ்ஷால் பளபளக்கும்வரை தேயுங்கள். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் சுற்றிலும் பற்றவைத்து இடுக்கை மூடுங்கள், அல்லது தண்ணீர் வடியும்படி தாராளமாகத் திறந்து விடுங்கள். பைக் செயினைக் கடலோரத்தில் வெளியே வைக்கும் சிற்பத்தில் பயன்படுத்தவே வேண்டாம், ஒவ்வொரு கண்ணியும் உப்புத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு நன்னீரில் கழுவி, உலர்த்தி, துத்தநாகம் மிகுந்த எப்பாக்ஸி பிரைமர், அதன்மேல் பெயிண்ட். வெறும் ரெட் ஆக்சைடு கடலூருக்குப் போதாது. துருவையே நிறமாக விட்டுவிடலாம் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். அதற்கென்றே செய்த எஃகு வகையும் உப்புக் காற்றில் அரிப்பதை நிறுத்துவதில்லை.

கல்லூரி பற்றிக் கேட்டீர்கள். இரும்புச் சிற்பத்துக்கு வழிகாட்டிய ஸ்பானியச் சிற்பி ஹூலியோ கொன்சாலெஸ் வாயு வெல்டிங் கற்றது 1918இல் ரெனோ கார்த் தொழிற்சாலையில். 1928இல் இரும்பில் வேலை செய்ய விரும்பிய பிக்காசோ அவருடைய உதவியைத்தான் நாடினார். அமெரிக்கச் சிற்பி டேவிட் ஸ்மித் 1925இல் ஸ்டூடிபேக்கர் கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஆனால் நம் பக்கத்தில் உலோகத் தகட்டிலும் வெல்டிங்கிலும் பெரிய வேலை செய்த பி.வி. ஜானகிராமும் எஸ். நந்தகோபாலும் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர்கள். கல்லூரியில் வரையப் பழகலாம், அது உங்களுக்கு வேண்டும். புதுச்சேரி சாலையில் அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் என்ற கலைக் கல்லூரி இருக்கிறது, ஒரு நாள் போய் விசாரியுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னும் வடக்கே போனால் 1966இல் தொடங்கிய சோழமண்டலம் என்ற கலைஞர்கள் கிராமம். அங்கே சிற்பங்களைப் பின்புறமிருந்து பாருங்கள். பற்றுகளை எங்கே மறைத்திருக்கிறார்கள், எங்கே வேண்டுமென்றே காட்டியிருக்கிறார்கள் என்பது பின்னாலிருந்துதான் தெரியும்.

இப்போதைக்கு முழுக் காளை வேண்டாம். தோள்பட்டையிலிருந்து குளம்புவரை ஒரே ஒரு முன்னங்கால் செய்யுங்கள். மூட்டுகளை வெல்டிங்கால் ஒட்டாமல், ஒரே கம்பியில் அடித்தே எழுப்புங்கள். முடிந்ததும் பக்கவாட்டிலிருந்து ஒன்றும் முன்னாலிருந்து ஒன்றுமாகப் படம் எடுத்து அனுப்புங்கள். பெயிண்ட் அடிக்கும் முன்பு.