'கே சரா சரா' ரெக்கார்ட்: "1956 ஒரிஜினல் ஸ்டீரியோ எல்பி"ன்னா நம்பலாமா?

கேள்வி: அண்ணே வணக்கம். அம்மாவுக்கு அமெரிக்கப் பாடகி-நடிகை டோரிஸ் டே பாடின 'கே சரா சரா'ன்னா உயிர். பர்த்டேக்கு ரெக்கார்டா வாங்கித் தரலாம்னு ஆன்லைன்ல தேடினா ஒருத்தர் "1956 ஒரிஜினல் எல்பி, ஸ்டீரியோ, படத்துல வந்த அதே பாட்டு"ன்னு போட்டு ஆறாயிரம் ரூபா சொல்றார். வீட்ல ஒரு சூட்கேஸ் பிளேயர் இருக்கு. வாங்கலாமா?

பதில்: வாங்காதீங்க தம்பி. அந்த ஒத்தை வரி விளம்பரத்துல எல்லாமே இடிக்குது. முதல்ல ஸ்டீரியோ, அதாவது ரெண்டு ஸ்பீக்கர்ல தனித்தனியாப் பிரிஞ்சு வர்ற சத்தம். ஸ்டீரியோ எல்பி கடைகளுக்குப் பரவலா வந்ததே 1958 வாக்குலதான், அப்புறம் 56ல எங்கேருந்து ஸ்டீரியோ வரும்? ஒரே சத்தமா பதிவான பழைய மோனோவையே பின்னால எலக்ட்ரானிக்கா ரெண்டா பிரிச்சு ஸ்டீரியோன்னு ஒட்டி வித்தாங்க, அவர்கிட்ட இருக்கறது அந்த மாதிரி பின்னாடி வந்த பதிப்பா இருக்கும், சத்தம் ஏதோ பாத்ரூமுக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கும்.

அடுத்தது எல்பி, அதாவது பக்கத்துக்குப் பல பாட்டு இருக்கற பெரிய தட்டு. இந்தப் பாட்டு 1956ல வந்தது சிங்கிளா, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு, நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்தற தட்டுலயும் 45 சுத்து சுத்தற தட்டுலயும். எல்பில சேர்ந்தது 1958ல வந்த கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் தொகுப்புல. அமெரிக்க கொலம்பியா கம்பெனி வெளியிட்ட சிங்கிளோட நம்பர் 40704, லேபிள்ல 'வாட்எவர் வில் பி, வில் பி'ன்னுதான் பேர் முன்னால வரும், அதனால அந்தப் பேர்லயும் தேடிப் பாருங்க. இன்னொண்ணு, பிரிட்டன்ல இதை வெளியிட்டது பிலிப்ஸ். அங்க கொலம்பியாங்கறது இ.எம்.ஐ கம்பெனியோட லேபிள், அமெரிக்க கொலம்பியாவே வேற. பிலிப்ஸ் லேபிள் இருந்தா டூப்ளிகேட்னு நினைச்சு நல்ல ரெக்கார்டை விட்டுறாதீங்க, பிரிட்டன்ல நம்பர் ஒண்ணா ஓடினதே அந்தப் பதிப்புதான்.

"படத்துல வந்த அதே பாட்டு"ங்கறதும் சரியில்ல. ஜே லிவிங்ஸ்டனும் ரே எவன்ஸும் சேர்ந்து ஹிட்ச்காக்கோட 'தி மேன் ஹூ நியூ டூ மச்' படத்துக்காக எழுதின பாட்டு, ஆஸ்கார் வாங்குச்சு. படத்துல டோரிஸ் டே முதல்ல மகனைத் தூங்க வைக்கறப்போ ஹோட்டல் ரூம்ல பாடுவாங்க, அப்புறம் லண்டன்ல தூதரகத்துல பியானோ முன்னால உக்காந்து, மாடில அடைச்சு வெச்சிருக்கற மகன் காதுல விழணும்னு வேணும்னே தொண்டை கிழியப் பாடுவாங்க, விருந்தாளிங்கல்லாம் இந்தம்மாவுக்கு என்னாச்சுன்னு முழிப்பாங்க. ரெக்கார்ட்ல இருக்கறது ஆர்கெஸ்ட்ரா, கோரஸ் எல்லாம் வெச்சு கொலம்பியாவுக்காகத் தனியாப் பதிவு பண்ணினது. அம்மா மனசுல இருக்கறது பெரும்பாலும் இதுதான்.

45 வாங்கறதா இருந்தா அமெரிக்க 45க்கு நடுவுல பெரிய ஓட்டை, அந்த ஓட்டைல வெக்கற அடாப்டர் இல்லாம பிளேயர்ல நிக்காது. காசு குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பக்க லேபிளும் தெரியற மாதிரி போட்டோ கேளுங்க, தர மாட்டேன்னா அதோட விட்டுருங்க.

கேள்வி: ஆப்ல தேடினா டோரிஸ் டே பேர்லயே நாலஞ்சு வருது, ஆனா ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமா கேக்குது. எது அசல்? வேற யாராவது பாடினதுல வாங்கற மாதிரி எது இருக்கு?

பதில்: அவங்களே திரும்பவும் பாடியிருக்காங்க, அதான் குழப்பம். 1964ல குழந்தைங்க கோரஸோட ஒரு ஆல்பத்துக்குப் பாடினாங்க. 'தி கிளாஸ் பாட்டம் போட்' படத்துலயும் கொஞ்சம் வரும். அசல் ரெண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல, குழந்தைங்க குரல் பெருசாக் கேட்டா அது 64. ஐரோப்பால 1962 வரைக்கும் வெளியான பதிவுகளுக்கு உரிமை முடிஞ்சு போச்சு, அதனால எந்த லேபிள் வேணா அதைப் போட்டு விக்கலாம், சட்டப்படி தப்பில்ல. நம்ம ஊர்லயும் ஒலிப்பதிவுக்கு 60 வருஷம்தான். ஆனா ஸ்டுடியோல பதிவான அசல் மாஸ்டர் டேப் கையில இல்லாதவங்க பழைய ரெக்கார்டை ஓட்டி அதுலேருந்து எடுத்து, இரைச்சலைக் குறைக்கறேன்னு குரலோட உயிரையும் சேர்த்து வழிச்சுடறாங்க. புது எல்பி மலிவா கிடைக்குதேன்னு வாங்கறவங்க இதைத்தான் கவனிக்கணும். மெட்டுக்கும் வரிக்கும் உரிமை இன்னும் இருக்கு, அது வேற கணக்கு.

மத்தவங்க பாடினதுல நான் காசு குடுத்து வாங்கறது ஒண்ணுதான், 1973ல ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் 'ஃப்ரெஷ்' ஆல்பத்துல பாடினது. சர்ச் பாட்டு மாதிரி ஆர்கன் வெச்சு அஞ்சு நிமிஷத்துக்கு மேல இழுத்து இழுத்து, அசல்ல தாலாட்டா இருந்தது இதுல விரக்தியா மாறிடும். அம்மாவுக்குப் பிடிக்குமான்னு கேட்டா சந்தேகம்தான். ஆஸ்திரேலியால நார்மி ரோ 1965ல ராக் அண்ட் ரோலா அடிச்சது அங்க பெரிய ஹிட், ஒரு தடவை கேக்கலாம். மேரி ஹாப்கின் பாடினது அழகு, ஆனா அசலைத் தாண்டி புதுசா ஒண்ணும் இல்ல. பிங்க் மார்ட்டினி 97ல கொஞ்சம் பேய் வீடு மாதிரி பண்ணியிருப்பாங்க, எனக்குப் பிடிக்கும்.

நம்மாளுங்களும் விடல. 1957ல 'ஆரவல்லி' படத்துல ஜி.ராமநாதன் இசையில ஜிக்கி பாடின 'சின்னப் பெண்ணான போதிலே' இதே மெட்டுதான். அம்மாவுக்கு அது கண்டிப்பா தெரிஞ்சிருக்கும். ஆனா அந்தக் காலத்துத் தமிழ்ப் பட ரெக்கார்ட்லாம் 78 ஆர்.பி.எம், அரக்குத் தட்டு. சூட்கேஸ் பிளேயர்ல 78னு சுவிட்ச் இருந்தாலும் கூட வர்ற ஊசி எல்பிக்குள்ளது, அதைப் போட்டு ஓட்டினா பாட்டை விட கரகரப்புதான் ஜாஸ்தி கேக்கும், ஊசியும் வீணாகும். 78க்குன்னு கொஞ்சம் தடிமனான ஊசி தனியா விக்குது, உங்க பிளேயர்ல ஊசியைப் பிடிச்சிருக்கற கார்ட்ரிட்ஜுக்கு அது கிடைக்குதான்னு முதல்ல பாத்துட்டு அப்புறம் தட்டைத் தேடுங்க. கூரியர்ல வரவழைக்காதீங்க, கீழ விழுந்தா தூள்.