ஓடைக்கரை நிழலுக்கு கிரெடிட்: நாற்று வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: ஒரேகானில் ஹில்ஸ்பரோ பக்கம் எட்டு ஏக்கர் நிலம் வாங்கியிருக்கிறோம். டுவாலடின் ஆற்றில் சேரும் சிற்றோடை ஒன்று நிலத்தின் ஓரமாக சுமார் 300 மீட்டர் ஓடுகிறது. சால்மன் மீனுக்காகக் கரையில் மரம் வளர்த்தால் கிரெடிட் (ஓடைக்குச் செய்த நன்மையை அளந்து தரும் சான்று) கிடைக்கும், அதை விற்கலாம் என்கிறார்கள். உண்மையா? எங்கே தொடங்குவது?

பதில்: உண்மைதான். ஆனால் வாங்குபவர் யார் என்று முதலில் பாருங்கள். இந்தக் கிரெடிட்டை ஆசைப்பட்டு வாங்குபவர்கள் குறைவு. ஆற்றுக்குத் தாங்கள் செய்யும் பாதிப்பைச் சட்டப்படி ஈடுகட்டியே ஆகவேண்டியவர்கள்தான் வாங்குவார்கள். உங்கள் பகுதியில் அது கிளீன் வாட்டர் சர்வீசஸ், அதாவது வாஷிங்டன் கவுண்டியின் கழிவுநீரைச் சுத்திகரித்து டுவாலடினில் விடும் பொது அமைப்பு. சுத்திகரித்த நீர் ஆற்றைச் சூடாக்கும். சால்மன் குஞ்சுகள் வளரும் நீருக்கு ஒரேகான் வைத்திருக்கும் வரம்பு 18 டிகிரி செல்சியஸ். முட்டையிடும் பருவத்தில், முட்டையிடும் இடங்களில் 13 டிகிரி. குளிர்விக்கும் இயந்திரங்கள் வைப்பதற்குப் பதிலாக, ஓடைக்கரைகளில் நிழல் வளர்த்தும் நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் திறந்தும் ஈடுகட்டலாம் என்று 2004-இல் அந்த அமைப்புக்கு உரிமம் கிடைத்தது. உங்கள் ஓடைக்கு மதிப்பு வருவது இதனால்தான்.

மரம் தண்ணீரைக் குளிர வைப்பதில்லை, வெயில் விழாமல் தடுக்கிறது. ஆகவே கிரெடிட்டை நட்ட கன்றுகளின் எண்ணிக்கையில் அளப்பதில்லை. தடுத்த வெப்பத்தை, ஒரு நாளைக்கு இத்தனை கிலோகலோரி என்று அளக்கிறார்கள். தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். ஓடை 5 மீட்டர் அகலம் என்றால் நீர்ப்பரப்பு 1,500 சதுர மீட்டர். நடுக்கோடையில் ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 6,000 கிலோகலோரி வெயில் விழும். இப்போது 20 சதவீதமாக இருக்கும் நிழல் 80 ஆக உயர்ந்தால், தடுக்கப்படுவது சுமார் 54 லட்சம் கிலோகலோரி. மரம் வளர ஆண்டுகள் ஆகும் என்பதால் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் குறைப்பார்கள். கையில் நிற்பது 27 லட்சம். ஓடை கிழக்கு மேற்காக ஓடினால் தென்கரை மரங்கள்தான் கணக்கில் பெரிது. உங்களுக்கு வடகரை மட்டும் சொந்தம் என்றால் இந்த எண் வெகுவாக இறங்கிவிடும். நில வரைபடத்தை எடுத்து இதை இன்றே பாருங்கள்.

அடுத்தது பணம் கலக்கும் சிக்கல். ஒரேகானின் நீர்த்தர வணிக விதிகள் (2015) படி, இயற்கைப் பாதுகாப்புக்கென ஒதுக்கிய பொதுப்பணத்தில் கிடைத்த பலனுக்கு கிரெடிட் கோர முடியாது. சட்டம் ஏற்கெனவே உங்கள்மீது சுமத்தியிருக்கும் கடமைக்கும் கிரெடிட் இல்லை. மானியத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் கிரெடிட் பேசப் போனால் கதவு பாதி மூடியிருக்கும். எதையும் வெட்டுவதற்கு முன், ஓடையின் இப்போதைய நிலையைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள். கிரெடிட் எந்த நிலையிலிருந்து கணக்கிடப்படுகிறதோ அந்த அடிப்படை நிலைக்கு அதுதான் சாட்சி.

நடவு கெட்டுப்போவது பெரும்பாலும் அவசரத்தால். ஹிமாலயன் பிளாக்பெரிப் புதரும் ரீட் கேனரி புல்லும் மண்டிய கரையில் நேரடியாக நட்டால், ஆளுயரப் புல் கன்றை மூடிவிடும். அந்தப் புல்லுக்குள் ஒளியும் வயல் எலிகள் குளிர்காலத்தில் அடித்தண்டின் பட்டையைச் சுற்றிலும் கடித்துவிடும். பார்க்க நிமிர்ந்து நிற்கும் கன்று வசந்தத்தில் துளிர்க்காது. ஒரு முழுப் பருவமாவது களையை ஒழித்துவிட்டு, வேரைச் சுற்றி மண் இல்லாமல் வரும் கன்றுகளைக் குளிர்காலக் கடைசியில் நெருக்கமாக நடுங்கள். ஏக்கருக்கு 2,000-க்கு மேல் என்பது இங்கே வழக்கம். ஆல்டர், காட்டன்வுட், வில்லோ, இடையிடையே ஸ்னோபெரி போன்ற புதர்கள் என்று கலந்து வையுங்கள். ஒரேகான் ஆஷ் மரத்தை நம்பாதீர்கள்: அதைக் கொல்லும் மரகத நிற வண்டு 2022-இல் பக்கத்து ஃபாரஸ்ட் குரோவில் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரே இனத்தை நம்பிய நிழல் போனால் கிரெடிட்டும் போகும்.

சொந்தமாக ஈட்டு வங்கி (நிலத்தைச் சீரமைத்து, அதில் வரும் கிரெடிட்டைப் பலருக்கு விற்கும் திட்டம்) தொடங்கச் சொல்பவர்கள் இருப்பார்கள். எட்டு ஏக்கருக்கு அது கட்டாது. 2008-இன் கூட்டாட்சி விதிப்படி பல துறைகள் சேர்ந்த குழுவின் ஒப்புதல், நிரந்தர நிலக் கட்டுப்பாடு, பராமரிப்பு நிதி எல்லாம் வேண்டும்; கிரெடிட்டும் தவணை தவணையாகத்தான் விடுவிக்கப்படும். கிரெடிட்டை வாங்குபவருக்கே கரையைப் பல ஆண்டுக் குத்தகைக்கு விட்டு, நடவும் களையெடுப்பும் அவர் பொறுப்பு என்று எழுதிக்கொள்வதே உங்களுக்குச் சரி. வெள்ளமோ தீயோ வந்தால் மறுநடவுச் செலவு யாருடையது, நிலத்தை விற்றால் ஒப்பந்தம் என்னாகும் என்ற இரண்டும் எழுத்தில் இருக்கட்டும்.

டுவாலடின் மண், நீர்ப் பாதுகாப்பு மாவட்ட அலுவலகத்தில் நிலத்தைப் பார்வையிடக் கேளுங்கள். அவர்கள் வரும்வரை ஓடைக்குள் மண்ணோ கல்லோ அசைக்காதீர்கள். பொதுவாக 50 கன கெஜம் வரை மாநில அனுமதி தேவையில்லை. ஆனால் முக்கிய சால்மன் வாழிடம் என்று குறிக்கப்பட்ட ஓடையில் எந்த அளவுக்கும் தேவை.